தீவுப் பள்ளிகளில் டைனோசார் பாடம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் ஐந்து வயதுக் குழந்தையும் இன்று டைனோசார் என்னும் பெயரை அறிந்திருக்கிறது. புத்தகப் பையின் மேலும், சட்டையின் மேலும், கைப்பேசியின் திரையிலும் அப்பிராணியின் உருவத்தை அது அடிக்கடி காண்கிறது. வாயைப் பிளந்து பற்களைக் காட்டி நிற்கும் அவ்வுருவம் குழந்தையின் உள்ளத்தில் அச்சத்தையும் ஆவலையும் ஒருங்கே எழுப்புகின்றது. பள்ளிக்கு வந்ததும் அது கேட்கக்கூடிய முதல் வினா, "அது இப்போது எங்கே இருக்கிறது?" என்பதாகும். அடுத்த வினா, "அதை யார் பார்த்தார்கள்?" என்பது. இவ்விரண்டும் சிறுபிள்ளை வினாக்களாகத் தோன்றினும், இத்துறையிலுள்ள விஞ்ஞானம் முழுவதும் இவற்றினுள் அடங்கியுள்ளது எனலாம்.

இத்தீவுகளில் டைனோசாரின் எலும்பு எதுவும் இதுகாறும் கண்டெடுக்கப்பட்டதில்லை. கல்கத்தாவில் இருப்பதுபோல் எலும்புக்கூட்டைப் பொருத்தி நிறுத்திய காட்சிசாலையும் இங்கு இல்லை. ஆதலால் படங்களைக் காட்டி, பெயர்களை மனப்பாடம் செய்வித்து, பாடத்தை முடித்துவிடலாம் என ஆசிரியர் எண்ணக்கூடும். அவ்வாறு செய்தால் குழந்தைக்குச் சில சொற்கள் மட்டுமே மிஞ்சும். தீவிலேயே கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு, "இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்கும் பழக்கத்தை இப்பாடத்தின் வாயிலாக உண்டாக்க முடியும். அதற்கு வேண்டிய செய்திகளும் செய்முறைகளும் கீழே தரப்படுகின்றன. எண்களும் ஆண்டுகளும் கற்பிப்போரின் தெளிவுக்காகவே கூறப்பட்டுள்ளன. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அவற்றை நினைவில் வைக்க வேண்டுவதில்லை.

தீவுகளில் எலும்பு கிடைக்காத காரணம்

ஒரு பிராணி இறந்தபின் அதன் உடல் சேற்றிலோ மணலிலோ விரைவில் மூடப்பட்டால், எலும்புகள் மட்டும் அழியாமல் நெடுங்காலம் தங்கக்கூடும். சுற்றியுள்ள மண் இறுகிப் பாறையாகும்போது, நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுப் பொருள்கள் எலும்பினுள் புகுந்து அதனையும் கல்போல ஆக்குகின்றன. இதுவே புதைபடிவம். நிலத்தில் வாழ்ந்த பிராணியின் எலும்பைக் காண வேண்டுமாயின், அக்காலத்து ஆற்றங்கரையிலோ சமவெளியிலோ படிந்த பாறையில்தான் தேட வேண்டும்.

அந்தமானின் மிகப் பழைய பாறைகளுள் ஒரு பகுதி ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தரையாக உருவானது. அதன்மேல் காணப்படும் மணற்பாறைகளிலும் பெரும்பகுதி ஆழ்கடலில் படிந்த வண்டலே. டைனோசார்கள் நிலத்தில் உலவிய காலத்தில் இப்போதைய தீவுகள் நீருக்குமேல் எழும்பியிருக்கவில்லை. புவியோட்டின் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நுழைவதால் ஏற்பட்ட நெருக்குதலால் அக்கடற்படுகை பின்னரே உயர்ந்து தீவுகளாயிற்று.

கடல் தரையாவதும் தரை கடலாவதும் இத்தீவு மக்கள் நேரில் கண்ட உண்மை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தின்போது வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்குமேல் உயர, பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. தெற்கே கிரேட் நிக்கோபாரில் இந்திரா முனை நான்கு மீட்டருக்குமேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி நீரில் அமிழ்ந்தது. "நம் ஊர் அப்போது கடலுக்குள் இருந்தது, ஆதலால் நிலத்துப் பிராணியின் எலும்பு இங்கே இல்லை" என்று ஆசிரியர் கூறினால், அதனை ஏற்பதற்கான சான்று குழந்தையின் பாட்டனார் பாட்டியாரிடமே இருக்கின்றது.

நாட்டின் பிற பகுதிகளில் கிடைத்த சான்றுகள்

கடலுக்கு அப்பால் தாய்நிலத்தில் நிலைமை வேறு. 1828ஆம் ஆண்டில் கேப்டன் ஸ்லீமன் என்பவர் ஜபல்பூரில் பாரா சிம்லா குன்றின் அருகே கல்லாகிய எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். டைனோசார் என்னும் சொல்லையே ரிச்சர்டு ஓவன் 1842இல்தான் உருவாக்கினார். ஆகவே பெயர் பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே பொருள் நம் நாட்டில் கையிற் கிடைத்துவிட்டது. அவ்வெலும்புகளை ஆராய்ந்த லிடெக்கர் 1877இல் அப்பிராணிக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் எனப் பெயரிட்டார். அவற்றுள் ஒரு வாலெலும்பு பின்னர்க் காணாமற் போய்விட்டதாகக் கருதப்பட்டு, 2012இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பிலேயே மீண்டும் அடையாளம் காணப்பட்டது.

கோதாவரிப் பள்ளத்தாக்கில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்தோர் தோண்டிய இடத்தில், ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாவர உண்ணி டைனோசாரின் எலும்புகள் முந்நூறுக்கு மேல் கிடைத்தன. தொடை எலும்பு ஒன்றின் நீளம் 1.7 மீட்டர். வங்கமொழியில் 'பரா' என்றால் பெரிய, 'பா' என்றால் கால். இதனால் இப்பிராணிக்குப் பாராபாசாரஸ் என்று பெயரிட்டனர். அகழ்வு தொடங்கிய காலம் கவி தாகூரின் நூற்றாண்டு விழாக் காலமாதலின் 'தாகோரி' என்பதும் பெயருடன் சேர்ந்தது. 1975இல் இதுபற்றிய விளக்கம் வெளியாயிற்று. பொருத்தி நிறுத்தப்பெற்ற இதன் எலும்புக்கூடு அக்கழகத்தின் கல்கத்தாக் காட்சிசாலையில் உள்ளது. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே ஊரில் வளரும் இத்தீவுகளில், இப்பெயரின் பொருளை வங்காளிக் குழந்தை ஒன்றைக் கொண்டே மற்றவர்க்குச் சொல்விக்கலாம். கடினமாகத் தோன்றிய பெயர் அக்கணமே எளிதாகிவிடும்.

காலத்தைக் காட்டும் கயிறு

குழந்தைக்கு நேற்று என்பதும் தாத்தாவின் காலம் என்பதும் ஏறக்குறைய ஒன்றே. கோடி என்ற எண்ணைக் கூறிப் பயனில்லை. தொலைவாகக் காட்டினால் அதன் கால்கள் அதனை உணரும். 23 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்றைப் பள்ளி முற்றத்தில் நேராக விரித்து வைக்க வேண்டும். ஒரு மீட்டர் ஒரு கோடி ஆண்டைக் குறிக்கும். ஒரு முனை இன்றைய நாள். மறு முனை முதல் டைனோசார்கள் தோன்றிய காலத்தை ஒட்டியது. இன்றைய முனையிலிருந்து 19ஆம் மீட்டரில் பாராபாசாரஸுக்கு ஒரு முடிச்சும், 9.5 மீட்டரில் அந்தமானின் பழைய கடலடித் தரைக்கு ஒன்றும், 7 மீட்டர் அளவில் ஜபல்பூர்ப் பிராணிக்கு ஒன்றும், 6.6 மீட்டரில் பெரும் டைனோசார்கள் அழிந்த காலத்துக்கு ஒன்றும் இடலாம்.

நம்மையொத்த மனிதர் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இக்கயிற்றில் அது மூன்று சென்டிமீட்டர், அதாவது குழந்தையின் சுண்டுவிரல் அளவு. ஆழிப்பேரலை வந்த ஆண்டைக் குறிக்க வேண்டுமாயின், தலைமயிரின் பருமனும் அதற்கு மிகையாகும். பெரிய முடிச்சிலிருந்து சுண்டுவிரல் வரை நடந்து பார்த்த குழந்தை, மனிதன் டைனோசாரை வேட்டையாடியதாகக் காட்டும் கேலிச்சித்திரத்தைத் தானே மறுத்துக் கூறும். ஆசிரியர் கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. பாராபாசாரஸுக்கும் ஜபல்பூர்ப் பிராணிக்கும் இடையிலுள்ள தொலைவு 12 மீட்டர். அழிவுக்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவோ 6.6 மீட்டர்தான். டைனோசார்கள் யாவும் ஒரே காலத்தில் கூடி வாழ்ந்தன என்ற எண்ணமும் இதனால் நீங்கும்.

உருவத்தின் அளவு

பாராபாசாரஸின் நீளம் சுமார் 14 மீட்டர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கடற்கரை மணலிலோ முற்றத்திலோ அவ்வளவு நீளத்துக்குக் கோடு கிழித்து, அதன்மேல் குழந்தைகளைக் கைகோத்து நிற்கச் செய்யலாம். பன்னிரண்டு பதின்மூன்று குழந்தைகள் தேவைப்படுவர். தென்னை மட்டை ஒன்றை 1.7 மீட்டருக்கு வெட்டி, "இது தொடை எலும்பு மட்டும்" என்று காட்டி, ஒவ்வொரு குழந்தையையும் அதன் அருகில் நிறுத்தி அளக்கச் செய்வது நன்று. அடுத்து, எல்லா டைனோசார்களும் பெரியவை அல்ல என்பதையும், கோழியளவே இருந்தவையும் பல உண்டு என்பதையும் கூற வேண்டும். இதனைக் கூறாவிடில் 'பெரியது எதுவும் டைனோசார்' என்ற தவறு வேரூன்றும்.

விளையாட்டுப் பொம்மைப் பைகளில் டைனோசாருடன் வேறு பிராணிகளும் கலந்திருப்பது வழக்கம். தோல் இறகு கொண்டு பறந்த ப்டெரோசார், துடுப்புக் கால்களால் நீந்திய கடல் ஊர்வன, ரோமம் அடர்ந்த மாம்மத் யானை ஆகியவை டைனோசார் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. கடைப் பொம்மைகளைக் குழந்தைகள் கையில் கொடுத்து, பறப்பவை, நீந்துபவை, நிலத்தில் நடப்பவை என வகைப்படுத்தச் செய்வது விளையாட்டாகவும் அமையும். பாகுபாடு செய்யும் பயிற்சியாகவும் அமையும்.

கோழியும் முதலையும்

"அது இப்போது எங்கே?" என்ற முதல் வினாவுக்கு விடை முற்றத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு கால்களால் நடந்த ஊனுண்ணி டைனோசார்களின் ஒரு கிளையிலிருந்து பறவைகள் தோன்றின என்பது இன்று விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட முடிவு. 1996இல் சீனாவில் விளக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசாரின் உடல்மேல் இறகின் தொடக்க வடிவம் போன்ற மென்துய் இருந்தமை இம்முடிவை வலுப்படுத்திற்று. கோழியின் காலை அருகிலிருந்து பார்க்கச் செய்தால், செதிலையும், முன்னோக்கிய மூன்று விரல்களையும், நகங்களையும் குழந்தைகள் தாமே எடுத்துச் சொல்வர். வீட்டில் கறி சமைத்த பின் எஞ்சும் கவட்டை வடிவ மார்பெலும்பைக் கழுவி உலர்த்திக் கொண்டுவரச் சொல்லலாம். அதே வகை எலும்பு ஊனுண்ணி டைனோசார்களிடமும் காணப்படுகிறது. கோழியைத் தொட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவித்தல் வேண்டும்.

இத்தீவுகளின் கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலையைக் கண்ட குழந்தை, அதுதான் டைனோசார் என்று உறுதியாகக் கூறும். இவ்விடத்தில் ஆசிரியர் ஒப்புக்கொண்டு சென்றுவிடலாகாது. முதலையும் டைனோசாரும் மிகப் பழைய பொது மூதாதை ஒன்றிலிருந்து பிரிந்த இரு கிளைகள்; ஒன்று மற்றொன்றின் குழந்தை அன்று. வேற்றுமையை உடலால் காட்டலாம். முதலில் குழந்தைகள் கைகளையும் கால்களையும் பக்கவாட்டில் பரப்பி, வயிறு தரையைத் தொடுமாறு ஊர்ந்து செல்லட்டும். அது முதலை தரையில் பெரும்பாலும் நகரும் விதம். பின்னர்க் கால்கள் உடலுக்கு நேர் கீழே தூண்போல் நிற்க நடக்கட்டும். அது டைனோசாரும் கோழியும் நடக்கும் விதம். எந்த நடையில் விரைவில் களைப்பு வருகிறது என்று கேட்டால் விடை உடனே வரும். முதலையைப் பற்றிய இப்பாடம் வகுப்பறைக்குள்ளேயே நடைபெறல் வேண்டும். அதைக் காட்டுவதற்காகக் குழந்தைகளைக் கழியோரம் அழைத்துச் செல்லுதல் கூடாது.

மண்ணுக்குள் முட்டை

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 முட்டைக் கூட்டங்களில் 256 டைட்டனோசார் முட்டைகள் காணப்பட்ட செய்தி 2023 ஜனவரியில் வெளியாயிற்று. முட்டைகளின் குறுக்களவு 15 முதல் 17 சென்டிமீட்டர். ஆழமில்லாத குழிகளில் அவை புதைக்கப்பட்டிருந்தன. கூட்டங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி இருப்பதால், தாய்ப் பிராணிகள் அவற்றிடையே நடமாடிக் குஞ்சுகளைப் பேணியிருக்க இயலாது என ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வளவு பெரிய உடல் முட்டையின்மேல் அமர்ந்தால் முட்டை என்னவாகும் என்று கேட்டாலே குழந்தைகள் காரணத்தைக் கண்டுகொள்வர். ஆயின், முட்டைக்கு வெப்பம் எங்கிருந்து வந்தது?

இதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு நிக்கோபாரில் உண்டு. நன்கௌரித் தீவுத் தொகுதியிலும், லிட்டில் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் தீவுகளிலும் வாழும் நிக்கோபார் மெகபோட் என்ற பறவை கோழியளவே உள்ளது. உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. கடற்கரையை அடுத்த காட்டில், மணலையும் இலைதழைகளையும் தன் வலிய கால்களால் வாரிக் குவித்து, மேட்டினுள் முட்டையை இட்டு மூடிவிடும், அடைகாப்பதில்லை. இலைகள் மக்கும்போது எழும் வெப்பமே முட்டையைப் பொரிக்கச் செய்கிறது. குஞ்சு தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளிவரும். தாயின் துணையின்றியே இரை தேடத் தொடங்கும். மெகபோட் என்ற சொல்லின் பொருளும் 'பெரும்பாதம்' என்பதே. பெருங்கால் உடைய பாராபாசாரஸையும் பெரும்பாதம் உடைய இப்பறவையையும் அருகருகே வரைந்து காட்டுவது குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தரும். இவ்வழக்கம் டைட்டனோசாரிடமிருந்து நேரே வந்ததாகப் பொருள் கொள்ளலாகாது. புதைத்த முட்டை எவ்வாறு பொரிக்கும் என்பதை விளக்கும் ஒப்புமையாக மட்டுமே இதனைக் கூற வேண்டும்.

மெகபோடின் மேட்டைத் தோண்டிப் பார்ப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அப்பறவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதற்குப் பதிலாகப் பள்ளித் தோட்டத்தில் ஈர இலை, புல், சாணம் ஆகியவற்றை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, சில நாள் கழித்து உட்புறத்தில் வெப்பமானி வைத்துப் பார்க்கலாம். வெளிக்காற்றைவிட உட்புறம் சூடாயிருப்பதைக் குழந்தைகள் தாமே படித்து, நாள்தோறும் சுவரில் குறித்து வருவர். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

புதைபடிவம் உண்டாகும் விதத்தையும் இவ்வாறே காட்டலாம். சமையலில் எஞ்சிய மட்டி ஓட்டை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்து, அப்பள்ளத்தில் உருக்கிய மெழுகை ஆசிரியரே ஊற்றி ஆறவைத்தால் ஓட்டின் வடிவம் வெளிப்படும். ஓடு போய்விட்டது, அதன் உருவம் நிற்கிறது. கரையிலிருந்து பவளத் துண்டுகளைப் பொறுக்கி வரச் செய்தல் ஆகாது. பவளமும் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது.

அழிவைப் பற்றிப் பேசும் முறை

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சுமார் பத்துக் கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று இப்போதைய மெக்சிகோ நாட்டின் யுகட்டான் கரையில் மோதியது. எழுந்த தூசியும் புகையும் வெயிலை மறைத்தன, செடிகள் வாடின, உணவின்றிப் பெரும் பிராணிகள் மடிந்தன. அதே காலப்பகுதியில் நம் நாட்டின் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு வெளிப்பட்டுப் பெரும்பரப்பை மூடியது. அழிவில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்பட்டு வருகிறது. ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவு எரிமலையின் படத்தைக் காட்டினால், எரிமலை என்பது கதையில் வரும் பொருள் அன்று என்பது விளங்கும்.

இத்தீவுகளில் இப்பகுதியைக் கற்பிக்குமுன் ஆசிரியர் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2004இல் உறவினரை இழந்த குடும்பங்கள் பல. இன்றைய குழந்தைகள் அப்பேரலையைக் கண்டவர்கள் அல்லர். எனினும் வீட்டில் அதனைக் கேட்டே வளர்கின்றனர். விண்கல் மோதியதையும் கடல் பொங்கியதையும் ஆரவாரத்துடன் நடித்துக் காட்டினால், "நாளை நமக்கும் வருமா?" என்ற அச்சம் பிறக்கும். கயிற்றை மீண்டும் விரித்து, அது எவ்வளவு தொலைவில் நடந்தது என்று காட்டி, அத்தகைய மோதல் மிக மிக அரியது என்று அமைதியாகச் சொல்வதே முறை. அழிவின் கதை கோழியிடம் வந்து முடிதல் வேண்டும்: பெரியவை மறைந்தன, சிறகுள்ள சிறு கிளை பிழைத்தது, அதன் வழித்தோன்றல்கள் நம் முற்றத்தில் உள்ளன.

ஐயமுள்ள செய்திகளும் ஆசிரியரும்

"அதை யார் பார்த்தார்கள்?" என்ற இரண்டாவது வினாவுக்கு, ஒருவரும் பார்க்கவில்லை, எலும்பையும் முட்டையையும் காலடித் தடத்தையும் பார்த்து அறிந்தார்கள் என்பதே விடை. அவ்வாறு அறிவதில் தவறு நேரக்கூடும் என்பதையும் குழந்தைகளிடம் மறைக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் அரியலூர் வட்டாரத்திலுள்ள கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் 1987இல் விளக்கி, பிருஹத்காயசாரஸ் எனப் பெயரிட்டனர். முதலில் அது ஊனுண்ணியாகக் கருதப்பட்டது. பின்னர்த் தாவர உண்ணிப் பேருருவங்களுள் ஒன்றெனக் கொள்ளப்பட்டது. அது எலும்பே அன்று, கல்லாகிய மரம் என்று ஐயுற்றோரும் உண்டு. எலும்புகளோ பொடிந்து அழிந்துவிட்டன. 2022இல் பழைய நிழற்படங்கள் வெளியிடப்பட்ட பின்னரே அவை எலும்புகள் என்பதற்கு வலுவான ஆதரவு கிடைத்தது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசார் முட்டைகள் கிடைத்துவிட்டன என்ற செய்தி கைப்பேசிகளில் விரைந்து பரவியது. புவியியலாளர் ஆராய்ந்து, அவை பழைய கடலின் வண்டல் உருண்டு இறுகியவை என்று கூறினர். அப்பகுதி முற்காலத்தில் கடலாக இருந்தமையும், அங்குள்ள பாறைகளில் அம்மோனைட்டு என்னும் சுருள் ஓடுகள் கிடைப்பதும் அதற்குத் துணைச் சான்றுகள். உருண்டையான கல் ஒன்றைக் குழந்தை கொண்டுவந்து, "இது டைனோசார் முட்டையா?" என்று கேட்டால், ஆசிரியர் சிரித்து ஒதுக்கிவிடாமல், "ஓடு தெரிகிறதா? எங்கே எடுத்தாய்? அருகில் வேறு என்ன இருந்தது?" என்று வினவுதல் வேண்டும். புவியியலாளர் கேட்பவையும் இவ்வினாக்களே.

கள ஊழியர் கவனத்திற்கு

அங்கன்வாடிப் பணியாளர் கோழிப் பாடத்தையும் களிமண் பாடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமானது. ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்குக் கயிறும் இலைக்குவியலும் சேர்க்கலாம். பாடம் குழந்தையின் வீட்டு மொழியில் நடத்தல் சிறந்தது. பழங்குடியினர் காப்பிடங்களில் உரிய அனுமதியின்றி நுழைதலும், பாடத்தின் பெயரால் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுதலும் கூடாது.

வனத்துறை ஊழியர் பள்ளிக்கு வந்து மெகபோடைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது மிகுந்த பயன் தரும். ஆழிப்பேரலையின்போது கரையோரத்திலிருந்த மேடுகள் பல அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் எடுத்த கணக்கெடுப்புகளில் அப்பறவையின் தொகை பெரிதும் குறைந்திருந்தது தெரிய வந்தது. நாயும் பூனையும் குஞ்சுகளைப் பிடிப்பதும், முட்டைகளை எடுப்பதும், கரையோரக் காடு குறைவதும் அதற்கு மேலும் இடர் விளைக்கின்றன. அழிந்த பிராணிகளைப் பற்றி ஆவலுடன் கேட்ட குழந்தையிடம், அழியாமல் காக்க வேண்டிய ஒன்று தன் தீவுக்கூட்டத்திலேயே இருப்பதைக் கூறுவதற்கு அதுவே தக்க தருணம். மேட்டைக் கண்டால் மிதிக்காமல் விலகிச் செல்லவும், வளர்ப்பு நாயைக் கரையோரக் காட்டில் அவிழ்த்து விடாதிருக்கவும் குழந்தைகள் கற்றுக்கொண்டால், வீட்டிலுள்ள பெரியோரும் அவர்களிடமிருந்து அதனைக் கேட்டறிவர்.